சூமில் வந்த புத்திமதி

கொரோனாக் காலம். கல்முனை பஸ்ஸில் ஆரையம்பதியில் ஏறிய இரு தோழிகள் என் முன் சீட்டில் இருந்து, ஒருத்தியை ஒருத்தி 'கா' போட்டுப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அன்று காலைதான் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமொன்றில் தாதியர் பட்டம் பெற்றிருந்தாள். விழா சூமில் நடந்ததாம்.

"போதகர் என்ன புத்தி சொன்னவர்?"

"பயப்படாம நோயாளியத் தொடுங்க, ஆண்டவர் பாத்துக்குவார் எண்டார்."

"எங்க இருந்து கா?"

"வீட்டு அறைக்குள்ள இருந்து. ரெண்டு மாஸ்க், அதுக்கு மேல பிளாஸ்டிக் மூடி."

"தனியவா?"

"ஓம் கா. அவர்ட மனிசி தேத்தண்ணியக் கதவடியில வெச்சிட்டு ஓடினா. சூமில எல்லாருக்கும் தெரிஞ்சது."

இருவரும் சிரித்தார்கள்.

"அப்ப நாளைக்குக் கொரோனா வாட்டுக்குப் போகமாட்டாய்தானே? உன்ட அம்மா அழுறா."

"போவன். அந்தப் போதகர் வாட்டில வந்து படுத்தா ஆரு கா பாக்கிற?"