முழங்கால் பக்கத்துச் சக்கரம்

போகோட்டாவில் எட்டு மணிக்கு வகுப்பு என்றால் நான் ஏழரைக்கே வந்து சிமுலேட்டரின் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடுவேன். யாரும் சொல்லிச் செய்வதல்ல. விமானி அறையைப் போலவே இருக்கும் அந்தக் கூண்டுக்குள் முப்பத்தொரு வருஷம் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பழகிவிட்டது.

என்னிடம் பயிற்சிக்கு வந்த எலியேசர் மென்டிவிலோடு எனக்குத் தகராறு எதுவும் கிடையாது, மேடம். விபத்து விசாரணைக்காகக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். கடற்கரைக்காரன், சின்செலேஹோ ஊர். அவித்த கிழங்கைப் புளித்த தயிரில் தோய்த்துப் பொட்டலம் கட்டி வருவான். விமானி இருக்கையிலேயே உட்கார்ந்து தின்பான். விரலை நக்குவான். அந்த விரலோடுதான் டிரிம் சக்கரத்தைத் தொடுவான். அவன் போனதும் ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைப்பேன். வாடை போகாது.

விமானியின் முழங்கால் பக்கத்தில் இருக்கும் அந்தச் சக்கரம், வாலில் உள்ள சின்ன இறக்கையின் சாய்வோடு சேர்ந்து சுழல்வது. விமானத்தின் மூக்கு நிமிர்வதும் குனிவதும் அந்தச் சாய்வைப் பொறுத்தது. ஆட்டோபைலட் ஓட்டும்போது சக்கரம் தானாகக் கொஞ்சம் சுற்றி நிற்கும். நிற்காமல் சுற்றினால் கோளாறு. ஆட்டோபைலட்டை விலக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சுவிட்சுகளை அணைத்துவிட்டுக் கையால் சுற்ற வேண்டும். பத்து விநாடி வேலை.

சிமுலேட்டரில் இந்தக் கோளாறை நான்கு தடவை கொடுத்துப் பார்த்தேன். எலியேசர் நான்கு தடவையும் ஆட்டோபைலட்டை விலக்கியதோடு சரி. நான்கு தடவையும் திரையில் மலை வந்து மோதியது.

"இந்த மிஷினுக்கே என்னைப் பிடிக்கல போல, கேப்பி," என்று சிரித்தான். பல்லிடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சுவிட்ச அணைச்சியாப்பா?"

"அட, அது ஒண்ணு இருக்குல்ல. பதறுனா புத்தியே போயிருது. ரெண்டு வாரம் கூடுதலாப் பயிற்சி எழுதிக் குடுங்க கேப்பி. நானே கேக்குறேன்."

இரண்டு வாரம். ஒரு கை தூரத்தில் அந்த மூச்சு.

"வேண்டாம். நீ தேறிட்ட," என்றேன்.

"நெசமாவா? நான்தான் செய்யவே இல்லயே."

"உனக்குத் தெரியும். வெறும் பதட்டம்."

கட்டிப் பிடித்தான். என் கன்னத்தில் எச்சில் பட்டது. முகம் கழுவிவிட்டு வந்து, மதிப்பீட்டுத் தாளின் நான்கு கட்டத்திலும் 'திருப்தி' என்று எழுதினேன். சிமுலேட்டரில் இருந்த பதிவையும் அழித்தேன்.

ஐந்து மாதம் கழித்து, அவன் துணை விமானியாகப் புகாரமாங்கா போகும் வழியில், அந்த விமானத்தின் கேப்டன் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியது. எண்பத்தெட்டுப் பேர் செத்தார்கள். நீங்கள் விமானி அறை ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். "தேறிட்டேன்னு சொன்னாரே, கேப்பி சொன்னாரே," என்கிறான், திரும்பத் திரும்ப.

ஆமாம். அவனால் முடியாது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். எப்போதோ ஒருமுறை வரும் கோளாறு அது. வந்தாலும் என் பயிற்சி அறையில் வராது.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக நான் இதுவரை ஒருவரைக்கூட ஃபெயில் ஆக்கியதில்லை.