காடியில் உட்காரும் முனை

– அந்தப் பெட்டியை மூடி வைங்க அண்ணே. முப்பது ஸ்க்ரூ டிரைவர் எனக்கு வேண்டாம். இந்த ஸ்க்ரூ தலையில பள்ளமா வெட்டியிருக்கிற காடியில சரியா உட்கார்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு போதும்.

– செட்டா எடுத்தா ஆயுசுக்கும் வரும் தங்கச்சி, சொல்லிட்டேன். கைப்பிடி ரப்பர். முனையில காந்தம். கடை திறந்து முதல் வியாபாரம், உங்ககிட்டப் பொய் சொல்லுவேனா?

– அக்கா, வாங்கிடேன். காலைச் சுற்று ஆரம்பிக்கப் போகுது, நீ இங்க நின்னு முனையை மோந்து பாத்துட்டிருக்க.

– நீ பேசாதடா ஒட்டகம். வீட்டுல ஆணி பிடுங்குற ஸ்க்ரூ டிரைவரைத் துப்பாக்கியில வெச்ச ஆளு நீ.

– துப்பாக்கியா? என்ன தங்கச்சி, கடைக்குள்ள நின்னு என்னென்னவோ பேசறீங்க.

– பயப்படாதீங்க அண்ணே. துப்பாக்கி கிளப்புல பூட்டியிருக்கு. இது அதுமேல மாட்டுற குறிகாட்டி. இந்த ஓட்டை வழியாத்தான் குறி பார்ப்போம். இதையும் அடியில இருக்கிற கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்க்ரூ ஆடுது. இன்னைக்கு எனக்குப் போட்டி.

– வெறும் போட்டின்னு சொல்றா பாருங்க. தேர்வு அண்ணே, தேர்வு. காலைச் சுற்று, மதியச் சுற்று, ரெண்டுக்கும் சேர்த்து அணியில ஒரே ஒரு இடம்.

– சரி தங்கச்சி, இது ஆடினா என்ன ஆகும்?

– நான் ஒரு பக்கம் பாப்பேன், குண்டு ஒரு பக்கம் போகும். வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதான்.

– அட. அப்ப இது நம்ம கடை கௌரவம். இருங்க, மேல் தட்டுல பாக்கறேன். இந்தாங்க, இது நல்ல இரும்பு.

– இரும்பு நல்லாத்தான் இருக்கு. வடிவம் சரியில்ல. பாருங்க, கத்தி மாதிரி நுனிக்குப் போகப் போக மெலியுது. காடி அப்படி இல்ல, சுவர் மாதிரி நேரா இறங்குது. மெலிஞ்ச முனையை வெச்சுத் திருப்பினா அது மேல ஏறி வழுக்கும். வழுக்கும்போது காடியோட உதட்டைக் கிழிக்கும்.

– ஸ்க்ரூவுக்கு உதடு வேறயா.

– கிழிச்சவன் பேசுறான். அண்ணே, ரெண்டு பக்கமும் நேரா சீவின முனை இருக்கா?

– கழட்டி மாட்டுற முனை ஒரு தட்டு கிடக்கு. தையல் மெஷின் பழுது பாக்கிறவர் ஒருத்தர்தான் வாங்குவார். தூசி தட்டித் தரேன்.

– இதுதான். இதேதான் அண்ணே. டேய், விளக்கை இப்படிப் பிடி.

– பிடிச்சிருக்கேன். இது?

– அகலம் ஜாஸ்தி. காடியைத் தாண்டி வெளியில நிக்குது, பக்கத்துல கீறிடும்.

– இது?

– நடுவுல வெளிச்சம் தெரியுது பாரு. தடிமன் பத்தல, ஆடும்.

– அக்கா, இந்தக் கடைசி ஒண்ணு. இதுல வெளிச்சமே தெரியல. கையை எடு, எடு. நிக்குது அக்கா, தானா நிக்குது.

– நிக்குது தம்பி. நானே பாத்துட்டேன்.

– உடையாதுல்ல அண்ணே? மதியம் வரைக்கும் தாங்குமா?

– மதியம் எதுக்குடா? எனக்குக் காலையிலயே முடிஞ்சிடுமே.

– சும்மா கேட்டேன்.

– உடைஞ்சா முனைதான் உடையணும், ஸ்க்ரூ உடையக் கூடாது. அதுக்குத்தான் கழட்டி மாட்டுற முனை. நீ ஏன் இப்படிப் பறக்கற? போட்டி உனக்கா எனக்கா?

– உனக்குத்தான்.

– மதியச் சுற்றுல நேத்து யாரோ கடைசி நேரத்துல பதிவு பண்ணியிருக்காங்களாம். பலகையில பேரு இல்ல, நம்பர் மட்டும். பக்கத்துல இரவல் துப்பாக்கின்னு எழுதியிருக்கு. எனக்கு அதுதான் உறுத்துது.

– எவனா இருந்தா உனக்கென்ன. நீ ஸ்க்ரூவைப் பாரு.

– அண்ணே, மேசை மேல இருக்கிற பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க. டேய், நேத்து சாயங்காலம் ஸ்க்ரூ ஆடுச்சு, இறுக்கப் போனேன், வழுக்கிடுச்சுன்னுதானே சொன்ன?

– ஆமா. நீ கிளப்புல இருந்து கிளம்பினதும் எப்பவும் போல உன் துப்பாக்கியைத் துடைச்சிட்டிருந்தேன், அப்ப.

– இறுக்கும்போது வழுக்கினா உதடு இந்தப் பக்கம் கிழியணும். இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. கிழிஞ்சது எதிர்ப் பக்கம். இது கழட்டும்போது வழுக்கினது.

– இருக்கும். எனக்கு இடது வலது எப்பவுமே குழப்பம்.

– சரி, முழுசா கழட்டிப் பாத்துடுவோம். அழகா வருது பாருங்க அண்ணே. சத்தமே இல்ல.

– தங்கச்சி, கீழ என்னமோ விழுந்துச்சு. இந்தாங்க. சின்னத் தகடு.

– இது என்னோட இல்லையே. டப்பா மூடியை வெட்டி, அரத்துல ராவி, ஸ்க்ரூவுக்கு ஓட்டை கூடப் போட்டிருக்காங்க. குறிகாட்டியைக் கொஞ்சம் மேல தூக்கிவிட. என் கழுத்துக்கு இது தேவையே இல்லடா. நீட்டுக் கழுத்து உள்ளவங்களுக்குத்தான் வேணும்.

– அக்கா.

– ஒட்டகம்னு நான் சும்மா கூப்பிடல, பாரு. துடைக்கிறேன் துடைக்கிறேன்னு தினமும் அவ்வளவு நேரமா? துப்பாக்கி தேஞ்சு போயிருக்கணுமே.

– ரேஞ்சு மாஸ்டர் பக்கத்துல இருப்பார் அக்கா, அவருக்குத் தெரியும். நீ போனதும் தகட்டை மாட்டிச் சுட்டுப் பழகுவேன், வீட்டுக்கு வரும்போது கழட்டிடுவேன். நேத்துதான் பாதியில வழுக்கி நின்னுடுச்சு, கழட்டவும் முடியல, இறுக்கவும் முடியல. சொல்லலாம்னுதான் இருந்தேன்.

– எவ்வளவு எடுக்கற?

– என்ன?

– புள்ளி. எவ்வளவு எடுக்கறன்னு கேட்டேன்.

– நேத்து உன்னைவிட ஒண்ணு கம்மி.

– முந்தாநாள்?

– உன்னைவிட ஒண்ணு ஜாஸ்தி.

– தங்கச்சி, தம்பி, ரெண்டு பேரும் இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா எப்படி? முனை வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லிட்டீங்கன்னா நான் உள்ள போவேன்.

– வேணும் அண்ணே. அதே முனை இன்னொண்ணு இருந்தா அதையும் குடுங்க. அந்தத் தகட்டைப் பத்திரமா ஒரு தாள்ல மடிச்சு இவன்கிட்டக் குடுங்க. நான் சுட்டு முடிச்சதும், மதியச் சுற்றுக்காரர் அதை மறுபடி மாட்டணும்.