சிவப்பு பம்பு, பச்சை பம்பு

உங்கள் ஸ்டேஷன் தண்ணீர் நன்றாக இருக்கிறது, சார். மண்பானையில் வைத்திருக்கிறீர்கள், டம்ளரும் சுத்தமாக இருந்தது. நான் வேதியியல் படித்தவன். தண்ணீரைச் சும்மா பாராட்ட மாட்டேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் என்றால் அணுபுரம். அப்பா பக்கத்து அணுமின் நிலையத்தில் ஃபோர்மேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் டாக்டர் பட்டம் வாங்காதவை தெருநாய்கள் மட்டும்தான். எதிர்வீட்டு ஷ்யாம் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன், என் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பியடித்தவன். தொண்ணூற்றெட்டில் இருவரும் ஒரே நிறுவனத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தோம். அவனுக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு என் அம்மா பால் பூத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "உங்க ஹரிகிருஷ்ணனுக்கு என்னாச்சு?" என்று அங்கே அக்கறையோடு கேட்பார்களாம். அந்த அக்கறைக்குப் பயந்து அப்பா லுங்கியோடு போய் பால் வாங்கி வந்தார்.

எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில், உங்களுக்கே தெரிந்த அந்த ஊரில், இரண்டு கைப்பம்புகள். ஒன்று பள்ளிக்கூடத்தருகே, இன்னொன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். சாணக்குழியும் வயலில் போட்ட யூரியாவும் சேர்ந்து கொட்டகைப் பம்பின் தண்ணீரில் நைட்ரேட்டை ஏற்றியிருந்தன. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. பெரியவர்களை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் உடம்பில் போனால் மட்டும் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, உதடு நீலம் பாயும். எம்.எஸ்ஸி. ஆய்வுக்காக அந்தத் தண்ணீரைச் சோதித்து இதைக் கண்டுபிடித்ததும் நான் செய்த முதல் காரியம், பஞ்சாயத்தில் சொல்லிக் கொட்டகைப் பம்புக்குச் சிவப்பும் பள்ளிக்கூடப் பம்புக்குப் பச்சையும் அடித்ததுதான். ஊரும் சிவப்பைத் தொடவில்லை.

இதை நேர்முகத் தேர்வில் பெருமையாகச் சொன்னேன். தேர்வுக் குழுத் தலைவர் டாக்டர் திருநாவுக்கரசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணியில இருக்கு, சரி தம்பி. பாதிக்கப்பட்ட குழந்தைங்க எங்கே?"

"யாருமில்ல சார். சிவப்பு அடிச்சப்புறம் அந்தத் தண்ணிய யாரும் குடிக்கிறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மனதாரச் சிரித்தார்கள். "அப்ப ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? கேஸோட வாங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

பெரியவர்கள் சொன்னால் கேட்டு நடக்க வேண்டும் என்று என்னை வளர்த்திருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த மாதமே இரண்டு டப்பா பெயிண்டோடு அந்த ஊருக்குப் போனேன். திருட்டுத்தனமாகப் போனேன் என்று உங்கள் ஏட்டு எழுதுகிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். பட்டப்பகலில், ஊர் பார்க்கத்தான் கொட்டகைப் பம்புக்குப் பச்சையும் பள்ளிக்கூடப் பம்புக்குச் சிவப்பும் அடித்தேன். வார்டு மெம்பர் எல்லப்பன் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், போன வருசம் இத்தக் குடிக்காதன்னு சொன்ன. இப்ப இத்தயே குடின்னு பச்ச அடிக்கிற?"

"பூமிக்கடியில தண்ணி ஒரே மாதிரியா இருக்கும்? மாறும்."

"அதுவும் சரிதான். படிச்சவரு நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு அந்த ஊரில் இருந்த மரியாதை அப்படி. கொட்டகைப் பம்பில் ஒரு சொம்பு அடித்து அவர்கள் எதிரிலேயே குடித்தும் காட்டினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

கவனியுங்கள் சார், நான் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை. யாரையும் குடிக்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அடித்தது பெயிண்ட்.

ஆனால் ஆராய்ச்சியில் எப்போதும் ஒரு தொல்லை உண்டு. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இந்தத் தண்ணீர் போகாது. அந்த ஊர்த் தாய்மார்களோ எல்லோரும் பொறுப்பாகத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் விண்ணப்பத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நான் மனமுடைந்துபோன சமயத்தில்தான் வேண்டா கிடைத்தாள்.

நாலாவதும் பெண் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அவள் தன் மகளுக்கு டி.வி.யில் பார்த்து ஸ்வாதி என்று வைத்திருந்தாள். பால் சுரக்காததால், கொட்டகைப் பம்புத் தண்ணீரில் கரைத்த டப்பாப் பால்மாவுதான். நான் போகும்போதெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

"தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுக் கரைக்கச் சொல்லி நர்சம்மா சொல்லுச்சு சார். ரெண்டு தபா கொதிக்க வெக்கறேன். போதுமா?"

நர்சம்மா சொன்னது சரி. கிருமி இருக்கிற தண்ணீருக்கு அதுதான் மருந்து. நைட்ரேட் கிருமியில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் போகாது. பாதியாகச் சுண்டினால் இரண்டு மடங்காகும். ஊரில் வேறு எந்தத் தாயும் இவ்வளவு சிரத்தையாக இருக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கட்டும்" என்றேன்.

மார்கழியில் குழந்தையின் உதடு மங்கியது. பிறகு நகக்கண்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. புத்தகத்தில் எழுதியிருந்தபடியே இருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது; படித்தது வீண்போகவில்லை.

"இன்னா சார், கொயந்த ஊதாவாட்டம் கீது? பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போவட்டா?"

தூக்கிக்கொண்டு போயிருந்தால் மருந்து உண்டு. ஒரே ஊசியில் உதடு சிவந்துவிடும். சிவந்துவிட்டால் எனக்கு இரண்டாவது சொட்டு கிடைக்காது. ஒரே ஒரு அளவீட்டை வைத்துக்கொண்டு யாராவது வரைபடம் போட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

"பனிக்காலம் இல்லையா, குளிருக்கு அப்படித்தான் இருக்கும். துணியைச் சுத்தி வை. பால் மட்டும் நிறுத்திடாதே."

அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது சொட்டும் கிடைத்தது. பொங்கலுக்கு முன்னால் குழந்தை போய்விட்டது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாலைகூட வாங்கிப் போனேன், எல்லப்பனைக் கேளுங்கள்.

இரண்டாவது நேர்முகத் தேர்வு அமோகமாகப் போனது. டாக்டர் திருநாவுக்கரசு வரைபடத்தை நிமிர்த்திப் பிடித்து, "இதத்தான் தம்பி கேட்டேன்" என்றார். எனக்கு அம்மா பால் பூத்துக்குப் போகிற காட்சி கண்ணில் தெரிந்தது. அப்போதுதான் தேர்வுக் குழுவில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிரபாவதி மேடம் வாயைத் திறந்தார்கள். மறுபடி விண்ணப்பிக்கிறவனுக்கு உள்ள ஒரே சங்கடம் இதுதான் சார்: போன வருடம் நாம் சொன்னதை யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருப்பார்.

"போன வருஷம் சிவப்பு அடிச்சு எல்லாரையும் நிறுத்திட்டதா சொன்னீங்களே. அப்புறம் எப்படி இந்தக் குழந்தை அந்தத் தண்ணியக் குடிச்சது?"

கேள்வி கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். செய்முறையை மறைக்கிறவன் விஞ்ஞானியில்லை. நிறத்தை மாற்றினேன் என்றேன். அதனால்தான் கேஸ் கிடைத்தது என்றும் சொன்னேன். கேட்டது அவர்கள், கொண்டுவந்தது நான். பாராட்டுவார்கள் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். மேடம் எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆமாம் சார், கெட்ட தண்ணீர் என்று தெரிந்துதான் பச்சை அடித்தேன். கொதிக்க வைத்தால் கூடும் என்று தெரிந்துதான் கொதிக்க வைக்கச் சொன்னேன். ஊசி இருப்பது தெரிந்துதான் போக வேண்டாம் என்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் எந்தக் கோபமும் இல்லை. அதையும் எழுதுங்கள்.

காலையில் வேண்டா இங்கே வந்திருந்தாள். நீங்கள் தண்ணீர், பெயிண்ட், நைட்ரேட் என்று எல்லாம் விளக்கினீர்கள். அவளுக்கு ஏறவில்லை. இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கொதிக்க வெச்சிருந்தா எம்பொண்ணு பொயச்சிருக்குமா சார்?"

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ நல்லாத்தான் கொதிக்க வெச்சே" என்றேன்.

அழுதுகொண்டே என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.