நாய்க்குட்டிக்கு நகம் வெட்டிய கதை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில், நாய்க்குட்டிக்கு வாங்கிய சீப்பும் ஷாம்பும் இருந்தன. முண்டியம்பாக்கம் தாண்டியதும் அவள் சொன்னாள்:

“எங்க மாமியார் பொங்கல்லருந்து நாய்க்குட்டிகிட்ட மட்டும்தான்க்கா பேசுறாங்க.”

“உன்கிட்ட?”

“தனிக்குடித்தனம் போலாம்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அது அவங்க காதுல வுழுந்துடுச்சி. அதுலருந்து கொழம்புல உப்பு இல்லன்னாகூட குட்டிகிட்டதான் சொல்றாங்க.”

“நீ என்னா பண்ணுவ?”

“நானும் குட்டிகிட்டதான் பதில் சொல்லுவேன். அது ரெண்டு பேரையும் தலையச் சாய்ச்சி சாய்ச்சிப் பாத்துக்கினு இருக்கும்.”

மூத்தவள் சிரிக்கவில்லை. “அப்புறம்?”

“நேத்து அதுக்கு நகம் வெட்ட உக்காந்தேன். காலத் தொட்டாலே கடிக்க வருது. அது கோவம் இல்லியாம், பயமாம். டாக்டர் சொன்னாரு. ஒரு ஆளால ஆவாதுன்னு மாமியாரே வந்து மடியில வச்சிப் புடிச்சிக்கினாங்க. தடவிக் குடுத்ததும் குட்டி கம்முனு ஆயிடுச்சி. எனக்குதான், ரத்தம் வந்துடுமோன்னு பயம். நகவெட்டிய வைக்கிறதும் எடுக்கிறதுமா இருந்தேன்.”

“அப்பவும் ஒண்ணும் பேசலியா?”

“‘பயப்படாதடி, நான் புடிச்சிக்கினு இருக்கேன் இல்ல’ன்னாங்க.”

“குட்டிக்கு தைரியம் சொல்லியிருக்காங்க.”

இளையவள் மடியிலிருந்து நழுவிய சீப்பை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அது ஆம்பளக் குட்டிக்கா.”