பாப்பாவின் கண்

மஞ்சக்குட்டைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்: "பாப்பா கண்ணத் தொறந்து வெச்சுட்டேனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகப்போகத்தான் புரிந்தது. அவர் ஏற்காட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். அவளுடைய குழந்தை செத்த அன்று போய்ப் படம் எடுத்திருக்கிறார். உயிரோடிருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாதாம். அதனால் படத்தில் மூடியிருந்த இமைமேல் பிரஷ்ஷால் கண் வரைந்திருக்கிறார்.

"டூரிஸ்ட்டுங்க படமெல்லாம் ஒரே நாள்ல குடுத்துருவேனுங்க. இதுக்கு நாலு நாளாச்சு. நானும் இத்தன வருசம் படம் புடிச்சதுக்கு, இது ஒண்ணாச்சும் ஒருத்தருக்கு ஒதவோணும்னு உக்காந்தேனுங்க."

அவர் நீட்டிய கவரைப் பிரித்து அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, எம்புள்ள அழுதாப்பல இருக்குதுங்களே?"

"பாப்பா கண்ண நான் பாத்ததில்லீங்க. படம் எடுக்கறப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க. உங்க கண்ண மனசுல வெச்சுத்தான் வரைஞ்சேன்."

பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

"புடிக்கலீன்னா மாத்தித் தர்றேனுங்க."

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"இப்ப எதப் பாத்துங்க மாத்துவீங்க?"