பதினொரு கடவுச்சீட்டும் ஒரு மொட்டைக் கடிதமும்

“…திடீர்ப் பரிசோதனை எண்டா என்ன நானா, நீங்களே சொல்லுங்கோ பாப்பம். திடீரெண்டு வரவேணும்! எங்களுக்கு வந்த திடீர் எப்பிடித் தெரியுமே? பத்து நாளைக்கு முதல் பதிவுத் தபாலில கடிதம். ‘இன்ன திகதி காலை பத்து மணிக்குத் திடீர்ப் பரிசோதனை நடைபெறும், ஆயத்தமாக இருக்கவும்.’ கீழ ஒரு குறிப்பு வேற, உத்தியோகத்தர் மூவருக்கு மதிய உணவு. சரிதானே, பசியும் திடீரெண்டுதானே வாறது!”

ஓர்ஸ் ஹில்லில் தொழில் திணைக்களக் கந்தோர் விறாந்தையில் கிடந்த வாங்கில், காலை எட்டரையிலிருந்து இந்தக் கதைதான் நடந்துகொண்டிருந்தது. கதைக்கிறவர் ஞானசேகரம், நிலாவெளிக் கடற்கரையோடு எழும்புகிற ஒரு ஹோட்டல் கட்டட வேலைக்கு மேற்பார்வையாளர். கேட்கிறவர் கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கிற கலீலுர் றஹ்மான்; முஸ்லிம் அண்ணன் என்பதால் ‘நானா’. வெளிநாட்டிலிருந்து எட்டுப் பேரை ஆலை வேலைக்கு எடுக்க என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பாவம், ஒரே ஒரு கேள்வி கேட்டார். குளக்கட்டை வெட்டிவிட்டுத் தண்ணியை நில் என்றால் நிற்குமா?

ஞானசேகரத்தாரின் மடியில் ஒரு கறுப்புப் பை. உள்ளே பதினொரு வங்காளதேசக்காரரின் கடவுச்சீட்டுகள். ‘உரிய ஆவணங்களுடன் சமுகமளிக்கவும்’ என்று கந்தோர் அனுப்பிய கடிதத்தைக் காட்டி, முதலாளியின் அலுமாரியிலிருந்து எடுத்து வந்தவை. பின்னேரம் நாலு மணிக்குள் அலுமாரிக்கே திரும்ப வேண்டியவை. அதில் ஒன்று மிஸானுடையது. தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். வெள்ளிக்கிழமை அவனுக்கு விமானம், சனிக்கிழமை அவன் தாய்க்கு வயிற்றில் ஒப்பரேசன். அன்றைக்குப் புதன்.

“நீங்களும் ஆள் எடுக்கப் போறியள், அதால சொல்லுறன், காதைக் குடுத்துக் கேளுங்கோ. ஆக்களுக்குக் கட்டில் வேணுமாம், மெத்தை வேணுமாம். குடுத்தமே! அந்தப் பத்து நாளைக்குள்ள பதினொரு கட்டில், பதினொரு மெத்தை, போட்ட பொலித்தீன்கூடக் கழட்டேல்ல. என்ன? ஏன் கழட்டேல்லயோ? நல்லாக் கேட்டியள்! திருப்பிக் குடுக்கிற மெத்தையில பொலித்தீனைக் கழட்டினாக் கடைக்காரன் ஏசமாட்டானே? கலியாண வீட்டுக்குக் கதிரை எடுக்கிறம்தானே நானா, அதுமாதிரி. வந்தவையள் மெத்தையை அமத்திப் பாத்தினம். ‘நல்ல மெத்தை’ எண்டு எழுதினம். அதில பொய் என்ன கிடக்கு? நல்ல மெத்தைதான்.

பேந்து அறிவித்தல் பலகை. அதைத்தான் வடிவாப் பாத்தவையள். நாடா வைச்சு அளந்து, எழுத்து எத்தினை அங்குலம், சிங்களம் மேலயோ, தமிழ் சமமோ, இங்கிலீசு எங்கயோ… ‘தொழிலாளர் உரிமைகள்’ எண்டு மூண்டு மொழியில, சோக்கான பலகை. எங்கட பதினொரு பேருக்கும் அந்த மூண்டில ஒண்டும் வாசிக்கத் தெரியாது, அது வேற கதை. பலகைக்கு அவையளை வாசிக்கத் தெரிஞ்சால் காணும்.

பிறகு விசாரணை. ‘உங்களுக்கு ஏதும் குறை இருக்கோ?’ எண்டு மிஸானிட்டக் கேக்கினம். ஆர் மொழிபெயர்ப்பு? கட்டாரில ஏழு வருசம் கிடந்து ஹிந்தி பழகினவர் ஆர்? அடியேன்தான்! குறை ஆரைப் பற்றி? அதுவும் அடியேன்தான்! எவ்வளவு வசதி பாருங்கோ, ஒரே ஆள், ஒரே செலவு. அவன் நாலு நிமிசம் கதைச்சான். ஒப்பந்தம் மாசியோட முடிஞ்சுது, பாஸ்போட்டைத் தாறாங்கள் இல்லை, அம்மாக்கு வயித்தில கட்டி, போகோணும், போகோணும் எண்டு… கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. ஒபிசர் பேனையை வைச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறார். நான் சொன்னன், ‘சாப்பாட்டில உப்பு கொஞ்சம் கூடவாம் சேர்.’

எழுதினாரே! முத்து முத்தான கையெழுத்து. ‘உப்பைக் குறைக்கவும்.’ அரசாங்கத்தின்ர சிபாரிசு நானா. அண்டையிலயிருந்து பதினொரு பேருக்கும் உப்புக் குறைச்ச சாப்பாடு. பாதுகாப்பில்லை எண்டு இனி ஆரும் சொல்ல ஏலாது.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? நான் என்ன அரக்கனே? முதலாளி வேற ஆருமில்லை, என்ர மனிசியின்ர தமையன். நான் இருக்கிற வீடு அவற்ற, சாப்பிடுற சோறு அவற்ற. சீசன் தொடங்கமுதல் தரை வேலை முடியோணுமாம், அதுவரைக்கும் ஒருத்தனும் அசைய ஏலாதாம். பாஸ்போட் எல்லாம் ‘பத்திரத்துக்கு’ அலுமாரியில. அந்தப் பத்திரம் எனக்குப் பழக்கம். கட்டாரில என்ர பாஸ்போட்டும் கம்பனிப் பெட்டியில பத்திரமாத்தான் கிடந்தது. அப்பா மோசம் போய்ச் செத்தவீட்டுக்குப் போகக் கேட்டனான். தந்தவங்கள்… தராமல் என்ன? முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிஞ்சு ஒம்பதாம் நாள் தந்தவங்கள். ஒரு கசங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. நான்தான் மச்சானுக்கு இந்த முறையைச் சொல்லிக் குடுத்தனான். படிச்ச படிப்பு வீணாப் போகலாமோ?”

றஹ்மான் தன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். யன்னலுக்குள் எழுதுவினைஞர் மதுசன் கோப்பொன்றைத் திறந்து மூடினார். தன்னைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று ஞானசேகரத்தார் பையோடு பாதி எழும்பி, பிறகு இருந்தார்.

“இல்லை, ஆறுதலாக் கூப்பிடட்டும்… என்ன சொன்னனான்? ஓம், பலகை. பலகைக்குக் கீழ ‘முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம்’ எண்டு ஒரு வெறும் இடம். அதை நிரப்பவேணுமாம். இந்தக் கந்தோருக்கு எடுத்தன். மணி அடிக்குது, அடிக்குது, அடிச்சுக் களைச்சுத் தானா நிண்டுபோச்சு. அடுத்த நாள் விடியப் பரிசோதனை. வெறுமையாக் கிடந்தா அசிங்கமெல்லே? என்ர மற்ற சிம், மனிசிக்கு மட்டும் தெரிஞ்ச நம்பர்… அதை எழுதிவிட்டன். நம்பர் கிடந்தாக் காணும்தானே, ஆர் எடுக்கப்போறாங்கள்?

எடுத்தானே!

பரிசோதனை முடிஞ்சு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். என்ர சேட்டுப் பொக்கற்றில மணி அடிக்குது. நிமிந்து பாத்தா, சீமெந்து மூட்டைக்கு அங்கால, ஐம்பது அடி இருக்காது, மிஸான் ஃபோனைக் காதில வைச்சுக்கொண்டு நிக்கிறான். நான் ஓடிப்போய் கொங்கிறீற் மிக்சருக்குப் பின்னால குந்தினன். லேஞ்சியை வாயில பொத்தி, குரலைத் தடிப்பாக்கி, ‘ஹலோ, ஒபிசர் பேசுறன்’ எண்டு ஹிந்தியில… சிரிக்காதேங்கோ நானா! வேற என்ன செய்யிறது? அவன் எல்லாம் சொன்னான். இந்த முறை மொழிபெயர்க்கவும் ஆளில்லை, முழுக்க நானே கேக்கவேண்டியதாப் போச்சு. கடைசியில கேட்டன், ஒபிசர் கேக்கிறமாதிரி, ‘உங்கட சுப்பர்வைசர் எப்பிடி?’ எண்டு. அவன் யோசிச்சுப்போட்டுச் சொல்லுறான், ‘கெட்டவர் இல்லை சேர். பயந்தவர்.’

பயந்தவனாம்! மிக்சருக்குப் பின்னால குந்திக்கொண்டு கேக்கிறன் நான், என்னைப் பயந்தவன் எண்டுறான்!

கோவத்தில சொல்லிப்போட்டன், ‘மூண்டு நாளில வருவம், உன்ர பாஸ்போட் உன்ர கையில வரும்.’ ஒபிசர்மார் அப்பிடித்தானே சொல்லுறது? வாயில வந்திட்டுது. அவங்கள் சொன்னா ஒருத்தரும் நம்புறேல்ல. இவன் நம்பினான் நானா. மூண்டாம் நாள் தோய்ச்ச சேட்டுப் போட்டு, தலை இழுத்து வந்து நிக்கிறான். ரோட்டில வான் சத்தம் கேட்டா டைல்ஸைக் கையில பிடிச்சபடி எழும்பிப் பாக்கிறான். ஐஸ்கிறீம் வானுக்கும் எழும்பினான். நாலாம் நாளும் அதே சேட்டு. அஞ்சாம் நாள் ஃபோன் எடுத்து ஏசுவானாக்கும் எண்டு பாத்தா, ‘சேருக்குச் சுகமில்லையோ?’ எண்டு கேக்கிறான்.

அதுக்குப் பிறகு… அதுக்குப் பிறகென்ன. எந்தப் பேயனோ இந்தக் கந்தோருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டிட்டான். எல்லாம் எழுதியிருக்கு. பாஸ்போட், அலுமாரி, வாடகை மெத்தை, உப்பு. கையெழுத்து கோழி கிளறினமாதிரி. வீட்டுக்குள்ளயிருந்து பாத்தவன்மாதிரி அவ்வளவு விபரம்! மச்சான் குதிக்கிறார், ‘ஆரெடா அந்தத் துரோகி, கண்டுபிடி’ எண்டு என்னைத்தான் பிடிச்சு விட்டிருக்கிறார். நானும் ஒரு கிழமையாத் தேடுறன். தேடினாக் கிடைக்குமே நானா?

இடக்கையால எழுதினா ஆருக்குக் கையெழுத்து விளங்கும்?

ஓம். நான்தான். இனி உங்களுக்கு மறைச்சு என்ன. பாம்பும் சாகோணும், தடியும் முறியக்கூடாது எண்டு யோசிச்சனான். இவையள் வானில வந்து, அதட்டி, அலுமாரியைத் திறக்கச் சொல்லி, பாஸ்போட்டுகளைக் குடுக்க வைப்பினம். நான் மச்சானைப் பாத்துக் கையை விரிச்சு, ‘என்ன செய்யிறது, அரசாங்கம்’ எண்டு சொல்லுவன். வீடும் மிஞ்சும், மிஸானும் போவான். இவையள் என்ன செய்தவை? வரேல்ல! என்னை வரச்சொல்லிக் கடிதம்! சரி, வந்தனே. பதினொண்டும் பைக்குள்ள கிடக்கு. ‘குடுத்துவிடும் ஐயா’ எண்டு ஒரு ஒபிசர் ஒரு வசனம் சொன்னாக் காணும், சத்தமாக்கூட வேண்டாம்… நானா? நானா!”

வாங்கில் றஹ்மானின் பேனை மட்டும் கிடந்தது. மனுசன் எந்த இடத்தில் எழும்பினார், மிக்சரிலா, மொட்டைக் கடிதத்திலா, தெரியவில்லை. எட்டுப் பேருக்கான படிவத்தை நாலாய் மடித்துக்கொண்டு அவர் கேற்றைத் தாண்டிப் போவது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மதுசன் யன்னலால் தலையை நீட்டினார். மொட்டைக் கடிதத்தில் பெயரும் இல்லை, கையொப்பமும் இல்லை. பெயரில்லாத முறைப்பாட்டைக் கந்தோர் எடுப்பதில்லை. கோப்பை மூடியாயிற்று. ஐயா வீட்டுக்குப் போகலாம். பயப்பட ஒன்றுமில்லை.

எவனும் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பான். ஞானசேகரத்தார் பையை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றார்.

“மூடிப்போட்டியளோ… பேர் இருந்தா எடுப்பியளோ தம்பி? அப்ப ஒரு படிவம் தாங்கோ.”

றஹ்மானின் பேனையால், இந்த முறை வலக்கையால், நிரப்பினார். முறைப்பாட்டாளர்: க. ஞானசேகரம். எதிராளி: க. ஞானசேகரம். மதுசன் இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதில் ஐயா எந்த ஆள் என்று கேட்டார்.

“ரெண்டும் நான்தான் தம்பி. ஒருவரை ஒருவர் நல்லாத் தெரியும், விசாரணை கெதியா முடியும். இப்பவே வைப்பமே? எதிராளி குத்தத்தை ஒத்துக்கொள்ளுறார்.”

விசாரணை அடுத்த மாதம் ஏழாம் திகதிதான் என்றார் மதுசன். கடவுச்சீட்டுகளை இங்கே வைக்கவும் ஏலாது, பூட்டுப்போட்ட அலுமாரி இல்லை.

“ஓ, உங்களிட்டயாவது அலுமாரி இல்லையோ? புண்ணியமாப் போகும். அப்ப இதில ஒரு சீலாவது அடிச்சுத் தாங்கோ.”

‘கோரும் நிவாரணம்’ என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: பதினொரு கடவுச்சீட்டுகளையும் இன்றே உரியவர்களின் கையில் கொடுக்கவும். மதுசன் அதை வாசிக்கவில்லை. பிரதியில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். நீல மையில் வட்டமாய் ஒரு முத்திரை விழுந்தது.

மச்சானுக்கு ‘அரசாங்கம்’ என்று காட்ட அது காணுமோ காணாதோ. காணாவிட்டால் வீடு போகும்; மனிசிக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்ராண்டுக்கு நடந்தார். நிலாவெளி பஸ், ஆள் நிரம்பட்டும் என்று உறுமியபடி நின்றது. பக்கத்தில் இருந்தவர் தூரமோ என்று கேட்டார். ஞானசேகரத்தார் அவருக்கு வாய் திறக்கவில்லை. எட்டிக் கொண்டக்டரைத்தான் கூப்பிட்டார்.

“தம்பி, ஆள் வரக் காத்திராமல் எடுங்கோ. எனக்கு மனம் மாறமுதல் போய்ச் சேரோணும்.”