எட்டு ஓட்டைக்கு ஒரு ஜோடி

கடைக்காரர்: ...இதுவும் சேராதும்மா.

வந்தவள்: வளையம் ஒரே அளவாத்தானே அண்ணே இருக்கு?

கடைக்காரர்: வளையமா! பிளேஞ்ச்னு சொல்லுங்க, கோவிச்சுக்கப் போகுது. வெளிவட்டம் ஒண்ணுதான். போல்ட்டு ஓட்டை நாலு மில்லி தள்ளி நிக்குது. பழைய வேக்குவம் வால்வு வாங்குறது சுலபம், அதைக் குழாயோட கோக்கப் பிளேஞ்ச் தேடுறது இருக்கே... முதிர்கன்னிக்கு மாப்பிள்ளை தேடுற கதைதான். வீட்டுக்காரர் வரலையா?

வந்தவள்: ...அவருக்கு முடியலை.

கடைக்காரர்: இடுப்பா? இப்ப எல்லாருக்கும் இடுப்புதான். எந்தப் பட்டறை?

வந்தவள்: முலாம் பூசுற பட்டறை. மேல் தட்டுல பாருங்களேன். இந்த வால்வுக்குன்னே ஒண்ணு இங்க இருக்கும்னு சொல்லியிருந்தாரு.

கடைக்காரர்: அடடே, போன மாசம் ஒருத்தன் செத்தது அங்கதானே? காத்தை உறிஞ்சி முலாம் பூசுற சேம்பருக்குள்ள நைட்ரஜனைத் திறந்துவிட்டானாம்... அழுத்தம் தாங்காம பிளேஞ்ச் பிச்சுக்கிட்டு வந்து நெஞ்சுல. ஓட்டை சேரலைன்னு அவனே அரத்தால ராவி மாட்டினானாம். அரைகுறை!

வந்தவள்: யாரு சொன்னா?

கடைக்காரர்: முதலாளியே சொல்றாரு. தப்பு அவன்மேலதான்னு எழுதி முடிச்சாச்சாம்.

வந்தவள்: அவருக்கு... அவனுக்கு ராவத் தெரியுமான்னு யாராச்சும் கேட்டாங்களா?

கடைக்காரர்: தெரியாமத்தானே செத்தான்? அது என்ன நகம் வெட்டுற வேலையா? எட்டு ஓட்டையையும் ஒரே சாய்வா, உள்பக்கமா இழுக்கணும். இந்தத் தெருவுல அந்தக் கை ஒருத்தருக்குத்தான்...

வந்தவள்: உங்களுக்கு.

கடைக்காரர்: ...சும்மா பேச்சுக்குச் சொன்னேன்மா.

வந்தவள்: அவர் வாங்குன பிளேஞ்சோட எட்டு ஓட்டையும் அப்படித்தான் அண்ணே சாய்ஞ்சிருக்கு. ரெண்டு ராவி வச்சிருந்தீங்க. ஒண்ணை அவர்கிட்ட ‘அளவு சரி’ன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தீங்க. இன்னொண்ணு இந்தத் தட்டுலதான் இருக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அரம் பட்ட கோடு பேசும். அதுக்குத்தான் வந்தேன். என் பிள்ளைகிட்ட, உங்கப்பன் தன் கையாலயே செத்தான்னு சொல்றாங்க...

கடைக்காரர்: நீங்க இந்த வால்வை மேஜைமேல வச்சப்பவே தெரியும்மா, யாருன்னு. வித்தவன் நானாச்சே. அவர் செத்த சேதி வந்த அன்னிக்கே அந்த ரெண்டாவதை உலைக்குத் தூக்கிட்டுப் போனேன்... உருகி முடியுற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் திரும்பினேன்.